வாசி தீராத காசு

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று பேசும்படி எமக்குத் தந்த பொருள் "விஞ்ஞானமும் இசையும்" என்பது. செயலாளர் அவர்கள் இதனைச் சொன்னபோது, விஞ்ஞான விந்தைகள் சிலவற்றை அடுக்கிச் சொல்லிவிட்டுக் கால்மணி நேரத்தில் மேடையை விட்டு இறங்கிவிடலாம் என்றே நாமும் எண்ணியிருந்தோம். ஆனாற் சென்ற வருட விழாவின் கணக்குப் புத்தகத்தை ஏதோ ஒரு தேவையின் பொருட்டுப் புரட்ட நேர்ந்தது. அதன் பின் எமது பேச்சு வேறு வழியிற் சென்றுவிட்டது. அந்தக் கணக்கைப் பற்றிக் கடைசியிற் சொல்லுவோம். முதலிலே ஒரு பழைய கணக்கைப் பார்ப்போம்.

பெரியபுராணத்திலே நீங்கள் எல்லோரும் அறிந்த கதைதான். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்த காலம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தத்தம் அடியார் கூட்டத்தோடு அங்கே தங்கியிருந்தனர். அடியார்களுக்கு அன்னமிடும் பொருட்டு இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினான். அப்பர் சுவாமிகளின் மடத்திலே உரிய நேரத்திற் பந்தி நடந்தது. சம்பந்தர் மடத்திலோ நாள்தோறும் தாமதம். ஏன் என்று விசாரித்தபோது, "தங்களுக்குக் கிடைக்கும் காசைக் கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றுகின்றனர், அப்பரின் காசை அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர்" என்று மடத்தார் சொன்னார்கள். இந்த வட்டத்துக்கே அந்நாளில் வாசி என்று பெயர். அப்பர் பாடியதோடு நில்லாமல் உழவாரப்படை பிடித்துக் கைத்தொண்டும் செய்தவர். ஆதலின் அவருக்கு வாசியில்லாத காசு. சம்பந்தர் என்ன செய்தார்? காசைப் பற்றிப் பேசுவது பாடுவோர்க்கு அழகன்று என்று வாளாவிருந்தாரா? இல்லை. வாசி தீர்ந்த காசு தரவேண்டும் என்று இறைவனிடமே பதிகம் பாடிக் கேட்டார். கேட்டுப் பெற்றார்.

கையால் வேலை செய்தவருக்கு முழுக்காசு, வாயாற் பாடியவருக்கு வட்டம் பிடிக்கிற காசு என்னும் வழக்கு எவ்வளவு பழையது என்று பாருங்கள். அதனைத் தட்டிக் கேட்டவரோ ஞானப்பால் உண்டவர். எமது ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டாலும், யாழ் வாசித்த பாணன் ஒருவனுக்கு அரசன் பரிசாகக் கொடுத்த மணற்றிடர் இது என்று பாட்டிமார் சொல்லுவர். ஆராய்ச்சியாளர் அந்தக் கதையை ஒப்பாவிட்டாற் போகட்டும். ஒரு வாத்தியக்காரனுக்குக் கொடுத்த சம்பளத்தின் மேலே குடியிருக்கிறோம் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த சமூகம் நாம். அப்படிப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளாகிய எமது சட்டைப்பையிலே இன்று என்ன இருக்கிறது? ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதற்குள்ளே உலகத்துச் சங்கீதம் முழுவதும் இருக்கிறது. அதற்காகப் பாடினவருக்கு நாம் கொடுத்தது என்ன என்பதே இன்றைய கேள்வி.

இசை மனிதனை விட்டுப் பிரிந்து பெட்டிக்குள் புகுந்த சரித்திரத்தை ஓட்டமாகச் சொல்லுகிறோம். 1877ஆம் ஆண்டில் எடிசன் குரலைப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்தார். பத்து வருடத்தின் பின் பேர்லினர் என்பவர் தட்டையான இசைத்தட்டுக்கும் கிராமபோனுக்கும் வழி கண்டார். 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கிராமபோன் கொம்பனியைச் சேர்ந்த கைஸ்பேர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியின் பாட்டைப் பதிவு செய்தார். ஒரு இராகத்தை மணிக்கணக்காக விரித்துப் பாடும் மரபிலே வந்த அந்த அம்மையார், அதனை ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள் அடக்கிப் பாடி, முடிவிலே தமது பெயரை ஆங்கிலத்திற் சொன்னார். தட்டு அச்சாவது ஜேர்மனியில் ஹனோவர் நகரிலே; அங்குள்ளவர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று அறிந்து பெயர் ஒட்டவேண்டும் அல்லவா? அந்தப் பழைய தட்டுக்களை இன்று கேட்டாலும் பாட்டு முடிந்ததும் அப்பெயர் கேட்கிறது. எமது நூதனமான கைத்தொலைபேசியிலே ஒரு கீர்த்தனையைத் தட்டினாற் பாடுபவரின் பெயர் வரும். வயலின் யார், மிருதங்கம் யார் என்பது பெரும்பாலும் வருவதில்லை. நூற்றிருபது வருடத்துக்கு மேலாக விஞ்ஞானம் முன்னேறியிருக்கிறது. பக்கவாத்தியக்காரர் பெயரை மட்டும் சொல்ல மறந்துவிட்டது.

அதன் பின் வானொலி வந்தது. கொழும்பில் 1925ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. 1963இலே பிலிப்ஸ் கொம்பனி சிறு ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. 1979இலே சோனி கொம்பனியின் வோக்மன் வந்து, வீதியில் நடந்துகொண்டே தனியாகப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உண்டாக்கியது. சாதனங்களின் பட்டியலை இதற்குமேல் நீட்ட விரும்பவில்லை. ஆனால் எமது ஊரிலே ஒரு சாதனம் இருந்தது. அதனை எந்தக் கொம்பனியும் செய்து விற்கவில்லை.

1990ஆம் ஆண்டு தொடங்கிக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத வருடங்களிலே எமது தாய் தந்தையர் இளைஞராக இருந்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்திலே வானொலி கேட்டார்கள், ஒலிநாடா போட்டார்கள். கேட்க நாலு பேர், சுற்ற ஒருவர். சுற்றுபவரின் கை தளர்ந்தாற் பாடுபவரின் குரலும் இழுபடும். "எடேய், சுத்தடா!" என்று அண்ணன் தம்பியை அதட்டுவார். இதனை அவர்கள் இன்று சிரித்துக்கொண்டுதான் சொல்லுகிறார்கள். ஒரு பாட்டுக்காக வியர்வை சிந்திய தலைமுறை அது. விரல் நுனியாலே தொட்டுவிட்டு, பத்து விநாடியிற் பிடிக்காவிட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவும் எமக்கு அந்த வியர்வையின் பெறுமதி விளங்குவது கடினம்.

ஆயினும் உண்மையை மறைக்கக்கூடாது. அந்தச் சில்லைச் சுற்றிய உழைப்பிலே ஒரு சதமும் பாடியவருக்குப் போகவில்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கடைகளை நினைத்துப் பாருங்கள். வேண்டிய பாட்டுக்களின் பட்டியலைக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தால் ஒலிநாடாவிலே ஏற்றித் தருவார்கள். நாடா செய்தவனுக்கு விலை கிடைத்தது. கடைக்காரருக்குக் கூலி கிடைத்தது. பாடியவர், இசையமைத்தவர், பாட்டெழுதியவர் ஆகிய மூவருக்கும் அக்கடையிலே கணக்கே இல்லை. ஆகவே, பெரியவர்கள் எம்மை நோக்கி "இந்தக் காலத்துப் பொடியள் எல்லாத்தையும் சும்மா கேக்குதுகள்" என்று சொல்லும்போது, நாமும் பணிவுடன் அந்தக் கொப்பித் தாளை நினைவூட்டலாம்.

இனி எண்களால் ஆன இசைக்கு வருவோம். 1982இலே வெளிவந்த இறுவட்டிலே குரலானது ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு எண்ணாகப் பதியப்படுகிறது. அந்த எண் குவியல் மிகப் பெரிது. ஜேர்மனியில் ஃபிரவுன்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்திலே பிரண்டன்பேர்க் முதலிய விஞ்ஞானிகள் மனிதக் காதின் குறையையே கருவியாக்கினர். பெரிய ஒலியின் பக்கத்திலே வரும் சிறிய ஒலி காதில் விழாது. விழாத ஒலியை ஏன் சுமக்கவேண்டும் என்று அதனைக் கழித்துவிட்டனர். இவ்வாறு ஒரு பாட்டு ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. 1995ஆம் ஆண்டு இதற்கு எம்.பி.3 என்னும் பெயர்க்குறி நிலைத்தது. பக்கவாத்தியம் இன்றிப் பாடப்பட்ட சுசான் வேகா என்னும் அமெரிக்கப் பாடகியின் பாட்டொன்றைத் திரும்பத் திரும்பப் போட்டே பிரண்டன்பேர்க் தமது முறையைத் திருத்தினார். ஒரு பெண்ணின் குரலே உரைகல்லாக இருந்திருக்கிறது. மற்றொன்றும் சொல்லவேண்டும்: மிகச் சுருக்கிய பதிவிலே குரலைவிடத் தவிலும் மிருதங்கமுமே அதிகம் பாதிக்கப்படுகின்றன. கூர்மையாக விழும் சொல்லின் முனை மழுங்கிவிடுகிறது. ஐந்நூறு ரூபாக் காதொலிக் கருவியிலே தவிற் சமா கேட்டுவிட்டு வித்துவானைக் குறை சொல்லும் நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

பாட்டு சிறுத்ததும் சிறகு முளைத்தது. 1999இலே நாப்ஸ்டர் என்னும் ஏற்பாடு தோன்றி, உலகத்தார் ஒருவர் கணினியிலிருந்து மற்றொருவர் பாட்டை இலவசமாக எடுத்துக்கொள்ள வழி செய்தது. வழக்குகள் எழுந்து 2001இலே அது மூடப்பட்டது. அதே 2001ஆம் ஆண்டு ஒக்டோபரில் அப்பிள் கொம்பனி ஐபொட் என்னும் சிறு பெட்டியை வெளியிட்டு, ஆயிரம் பாட்டை உங்கள் சட்டைப்பையில் வைக்கலாம் என்றது. விலை 399 டொலர். பாட்டொன்று 99 சதம் என்று முறையாக விற்கும் கடையை அக்கொம்பனி திறந்தது 2003ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான். கணக்குப் பாடத்திலே எம்மைப் போன்று தடுமாறுபவரும் இதனைப் பெருக்கிப் பார்க்கலாம். ஆயிரம் பாட்டுக்கு 990 டொலர். பெட்டியின் விலையைப் போல இரண்டரை மடங்கு! அந்தப் பெட்டியை வாங்கியவர்களிலே எத்தனை பேர் அதனை விலைகொடுத்து நிரப்பியிருப்பார்கள்? பெட்டிக்கு மனமுவந்து கொடுத்தோம். உள்ளே இருப்பதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. சாதனம் கையிலே கனக்கிறது, பாட்டுக் கனக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை.

விடுதியிலே எம்மோடு தங்கியிருக்கும் நண்பர் ஒருவரோடு இதுபற்றி வாதாடினோம். அவர் சொன்னார்: "நான் டேட்டாவுக்குக் காசு கட்டினனான்தானே! பிறகென்ன பாட்டுக்கும் காசு?" நல்ல கேள்வி. நாட்டிலே பெரும்பாலோர் எண்ணுவதும் இதுவே. "மச்சான், பஸ்ஸுக்குக் காசு குடுத்து யாழ்ப்பாணம் போனனான் எண்டு சொல்லிச் சாப்பாட்டுக் கடையிலை காசு குடாமல் எழும்பேலுமோ?" என்று கேட்டோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, "கடைக்காரன் பிடிப்பான், பாட்டுக்காரன் பிடிக்கமாட்டான்" என்றார். அவருடைய நேர்மையை மெச்சுகிறோம். வழக்கின் உட்கிடையை ஒரே வாக்கியத்திலே சொல்லிவிட்டார்.

இப்போது முறை மாறிவிட்டது, பாட்டைத் திருட வேண்டியதில்லை, மாதச் சந்தா கட்டினாற் போதும் என்று சிலர் சொல்லுவர். 2008இலே சுவீடன் தேசத்திலே தொடங்கிய ஸ்பொட்டிஃபை 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்தது. நல்லதே. ஆயினும் நாம் கட்டும் காசு எவ்வழியிற் செல்லுகிறது என்று பார்க்கவேண்டும். கொம்பனி தன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மிகுதியை உரிமையாளருக்குக் கொடுக்கிறது. கொடுக்கும் முறையிலேதான் சூட்சுமம் இருக்கிறது. விளங்குவதற்காக ஒரு சிறு கணக்குப் போடுவோம். தொகை எமது கற்பனை, முறை உண்மையானது.

உலகத்திலே இரண்டே சந்தாதாரர் என்று கொள்வோம். ஆளுக்கு 300 ரூபா. கொம்பனி 100, 100 ஆக எடுத்தால் மிஞ்சுவது 400 ரூபா. முதலாமவர் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் மாதம் முழுவதும் ஒரு நாதஸ்வர வித்துவானின் ஒரு பதிவைப் பத்துத் தடவை ஆற அமர இருந்து கேட்கிறார், வேறொன்றும் கேட்பதில்லை. இரண்டாமவர் கடை வைத்திருப்பவர். காலை தொடங்கி இரவு வரை ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கிறது, 990 தடவை. மொத்தம் ஆயிரம் தடவை. தடவைக்கு 40 சதம். வித்துவானுக்கு 4 ரூபா. சினிமாப் பாட்டுக்கு 396 ரூபா. ஆசிரியர் வித்துவானுக்கென்றே கொடுத்ததிலே எஞ்சிய 200 ரூபா இருந்தது. அதில் 196 ரூபாவைத் தூக்கி, அவர் ஒருபோதும் கேளாத பாட்டுக்குக் கொடுத்தாயிற்று! கோயில் உண்டியலிலே பிள்ளையாருக்கென்று போட்ட காசை, அடுத்த தெருத் திருவிழாவிலே சனம் அதிகம் என்று அங்கே கொட்டியது போல இல்லையா இது? அவரவர் சந்தா அவரவர் கேட்டவருக்கே போகவேண்டும் என்னும் முறையும் உண்டு. சவுண்ட்கிளவுட் என்னும் நிறுவனம் 2021இலே தனித்துப் பதிவிடும் கலைஞர்களுக்கு அதனைத் தொடங்கியது. அதைச் செய்யமுடியாது என்று சொல்வதற்கு விஞ்ஞானத்திலே தடை ஒன்றும் இல்லை.

இன்னுமொன்று. 2024ஆம் ஆண்டு முதல் ஸ்பொட்டிஃபையிலே, முந்திய பன்னிரண்டு மாதத்துக்குள் ஆயிரம் தடவை கேட்கப்படாத பதிவுக்குப் பதிவுரிமைத் தொகை கிடையாது. மிகச் சிறு தொகைகள் இடைத்தரகர் கையிலேயே தேங்கிவிடுகின்றன, போலிப் பதிவுகளும் மலிந்துவிட்டன என்பது அவர்கள் கூறும் காரணம். அதிலும் உண்மை இல்லாமலில்லை. நாம் படித்தது மிஷன் பாடசாலையிலே. சைவப் பிள்ளைகளாயினும் வேத பாட வகுப்பிலே இருந்து கேட்டவை சில மனதிற் பதிந்துள்ளன. திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியலில் வந்தவனுக்கும், பொழுதுபடும் வேளை கடைசியாக வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தான் என்று இயேசுநாதர் சொன்ன உவமையைப் பாதிரியார் விளக்கியபோது, இது என்ன நீதி என்று வகுப்பிலே முணுமுணுத்தவர்களுள் நாமும் இருந்தோம். இன்று நினைத்தால் அத்தோட்டக்காரன் எவ்வளவு நல்லவன்! ஆயிரம் குலை பறியாதவனுக்குக் கூலியே இல்லை என்று அவன் சொல்லவில்லை.

தொகை உரிமையாளருக்குப் போகிறது என்றோம். உரிமையாளர் யார் என்று கேட்டாற் கதை இன்னும் பழையதாகிறது. 1952இலே இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்களை ஒதுக்கத் தொடங்கியபோது, பாரத தேசம் முழுவதும் இலங்கை வானொலிப் பக்கம் காதைத் திருப்பியது. கொழும்பிலிருந்து லதா மங்கேஷ்கரும் முகம்மது ரபியும் வீடு வீடாகச் சென்று பாடினர். அந்த இருவருமே 1960களிலே சில வருடம் சேர்ந்து பாடவில்லை. குரற் பேதமன்று காரணம், கூலி. இசைத்தட்டு விற்குந்தோறும் பாடியவருக்கும் ஒரு பங்கு வரவேண்டும் என்றார் லதா. பாடியதற்குச் சம்பளம் வாங்கியாயிற்று, அத்தோடு எம் உரிமை முடிந்தது என்றார் ரபி. ரபி பேராசையற்ற பெருந்தன்மையாளர். எமக்கு அவருடைய குரலே அதிகம் பிடிக்கும். ஆயினும் இந்த வழக்கிலே நாம் லதா பக்கம். ஒருவருடைய பெருந்தன்மையை எல்லோருக்கும் சட்டமாக்கினால், இலாபம் அடைபவன் பெருந்தன்மை இல்லாதவனே.

1977இலே இந்திய உயர்நீதிமன்றமாகிய சுப்ரீம் கோட்டு, சம்பளம் கொடுத்துப் படத்துக்காகச் செய்வித்த பாட்டுக்கும் இசைக்கும் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்புச் செய்தது. 2012ஆம் ஆண்டிலே கவிஞர் ஜாவேத் அக்தர் முதலியோரின் முயற்சியாற் சட்டம் திருந்தியது. படமாளிகைக்கு வெளியே பாட்டு எங்கே பயன்பட்டாலும் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சம பங்கு உண்டு. கையெழுத்து வாங்கி அதனைப் பறிக்க முடியாது என்றாயிற்று. பாடியவருக்கும் உரிமைத்தொகையிலே இடம் கிடைத்தது. லதா கேட்டதற்கும் இதற்கும் இடையிலே ஏறக்குறைய ஐம்பது வருடம். எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோரையும் ஆற்றுவோரையும் காக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. எமது ஊரிலே எத்தனை வித்துவான்கள் அதன் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள்?

பெரிய கொம்பனிகள் மனம் மாறுவதும் உண்டு. 2015ஆம் ஆண்டு அப்பிள் கொம்பனி தன் சந்தாச் சேவையைத் தொடங்கியபோது முதல் மூன்று மாதம் வாடிக்கையாளருக்கு இலவசம் என்றது. அந்த மூன்று மாதமும் கலைஞருக்கும் ஒன்றும் இல்லை என்றது. டெய்லர் ஸ்விஃப்ட் என்னும் இளம் பாடகி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் தொலைபேசியை நாங்கள் இலவசமாகக் கேட்பதில்லையே, எங்கள் இசையை மட்டும் எப்படிக் கேட்கலாம் என்பது அதன் சாரம். ஒரு நாளுக்குள் கொம்பனி பணிந்தது. அந்த அம்மையார் பெரும் பணக்காரி, அவருக்குக் காசு எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர் தமக்காகவன்றி முதற்பாட்டை வெளியிடும் இளங்கலைஞருக்காகவே கேட்டதாகச் சொன்னார். சம்பந்தர் கேட்டதும் தமக்காக அன்று; பந்தியிலே பசித்திருந்த அடியாருக்காக.

மாணவராகிய எம்மிடம் காசு எங்கே என்று கேட்பீர்கள். உண்மைதான். 2022ஆம் ஆண்டிலே டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, உடைந்த தொலைபேசித் திரையை மாற்றவும் வழியின்றி மாதக்கணக்காய் விரிசலினூடே படித்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். இல்லாதவரிடம் சந்தா கட்டும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசி மாற்றும்போது மட்டும் காசு எப்படியோ கிடைத்துவிடுகிறதே, அதுதான் ஆச்சரியம். தவணைக்காவது வாங்கிவிடுகிறோம். கமரா எத்தனை என்று எண்ணி வாங்குகிறோம்.

இனி, தொடக்கத்திலே சொன்ன கணக்குப் புத்தகம்.

சென்ற வருட விழாச் செலவு. பந்தல், முழுத்தொகை. ஒலிபெருக்கி, மின்விளக்கு, முழுத்தொகை, பாதி முற்பணமாக. வீடியோவும் நேரலையும், முழுத்தொகை. சிற்றுண்டி. மலர்மாலை. பொன்னாடை ஆறு. அதற்குக் கீழே "கலைஞர்கள்" என்று ஒரு வரி. அதற்கெதிரே "அன்பளிப்பு" என்று எழுதி, தொகைக்குரிய இடத்திலே ஒரு சிறு கோடு. அந்தக் கோடு எமது கையெழுத்து. சென்ற வருடம் உதவிச் செயலாளராக இருந்து அக்கணக்கை எழுதியவர் நாமே.

அன்று பாட்டுக் கச்சேரிக்கு மிருதங்கம் வாசித்தவர் அண்டைக் கிராமத்தவர். மிருதங்கத்தைப் பஸ்ஸில் ஏற்றமுடியாமல் ஓட்டோவில் வந்தார். இரண்டு வழிக்கும் அவரே கொடுத்தார். கச்சேரி முடிந்ததும் பொன்னாடை போர்த்திக் கைதட்டினோம். நேரலை வீடியோவுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். நிகழ்ச்சிகளின் இடைவேளையில் ஒலிபெருக்கிக்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். சமூக வலைத்தளத்தின் இயந்திரம் அதனைக் கண்டுபிடித்து, இது இன்ன கொம்பனிக்கு உரிமையானது என்று அறிவித்து, அவ்விடத்தில் ஒலியை நிறுத்திவிட்டது. எங்கோ இருக்கும் கொம்பனியின் பொருளைக் கண்ணும் கருத்துமாகக் காக்க இயந்திரம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் எமது மேடையிலே வியர்க்க வியர்க்க வாசித்தவரின் ஓட்டோக் காசைக் கேட்க மனிதர் ஒருவரும் இருக்கவில்லை.

கணக்கைப் பார்த்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனோம். முற்றத்திலே ஒரு மிருதங்கத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. தேநீர் தரச் சொன்னார். பிறகு, "தம்பி, சால்வை அலுமாரி நிறையக் கிடக்குது. மூட்டு மாத்திறவனிட்டை அதைக் குடுத்தால் எடுப்பானோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை.

இவ்வருட நிர்வாக சபையிலே, "அன்பளிப்பு" என்ற சொல்லை வெட்டிச் "சம்பளம்" என்று எழுதவேண்டும் என்றோம். மூத்த உறுப்பினர் ஒருவர், கலையை விலை பேசலாமா என்று வருந்தினார். அவர் மனம் நோகாதபடி திருவீழிமிழலைக் கதையைச் சொன்னோம். பொருளாளர் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, எழுதவேணும்" என்றார். ஒலிபெருக்கிக்காரருக்கு எவ்வளவோ அவ்வளவு, பாதி முற்பணமாக, ஓட்டோ வேறாக என்று முடிவாயிற்று. பொன்னாடை இம்முறை ஒன்றும் வாங்கவில்லை. அதிலேதான் காசு கொஞ்சம் மிஞ்சியது.

திரைக்குப் பின்னாலே தட்டும் ஓசை உங்களுக்கும் கேட்கும். அவர் வலந்தரையைச் சுருதி சேர்க்கிறார். கடித உறை நாலு மணிக்கே அவர் கையிற் சேர்ந்துவிட்டது; எண்ணிப் பார்க்கும்படி பொருளாளர் சொன்னாராம், அவரும் எண்ணிப் பார்த்தாராம். பாடுபவர், வயலின் வாசிப்பவர், மிருதங்கம் வாசிப்பவர் ஆகிய மூவரின் பெயரையும் இப்போது செயலாளர் அறிவிப்பார். எமக்குத் தந்த நேரம் கடந்துவிட்டது.